ஐந்து லீற்றர் காலமும் பதினொரு சுற்றும்

தெல்தோட்டை உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது இருந்து வாசியுங்கள். வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது த்ரீவீலுக்கு வாரம் ஐந்து லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு நான்கு, காருக்கு இருபது என்று அளந்தார்கள். கலஹா பாதையில் பஸ் வராத நாட்களில் நாங்கள் நடந்தே பாடசாலைக்குப் போனோம். த்ரீவீலை நம்பி அடுப்பெரியும் வீடுகளில் அந்த ஐந்து லீற்றர்தான் ஒரு வாரத்துக் கறியும் சோறும்.

அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை எங்களிடம் தொழினுட்பவியல் பிரிவில் படித்தான். வாப்பா த்ரீவீல் ஓட்டுபவர். ஒரு நாள் அவன் ஏதோ ஒன்றைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்கு வந்தான். பழைய இரும்புக் கடையில் வாங்கிய குழாய்களை ஒட்டவைத்துச் செய்த மூன்று சக்கரச் சட்டம். பின்னால் பழுதான மின் சைக்கிளொன்றில் கழற்றிய மோட்டார். இருக்கைக்குக் கீழே, பழைய கணினிகளின் யூபிஎஸ் பெட்டிகளில் இருந்து எடுத்த 12 வோல்ட் பற்றரிகள் நான்கு. ஏறி இருந்து ஓட்டினான். பிள்ளைகள் எல்லாம் பின்னால் ஓடினார்கள். பதினொரு சுற்று ஓடியது. பன்னிரண்டாவது சுற்றில் வயர் சூடாகிப் புகை வந்தது.

நாங்கள் பயந்துவிட்டோம். "இதை இதோடு நிறுத்துங்க மகன், முதல்ல பரீட்சை முடியட்டும்" என்றோம். சட்டத்தை எடுத்துக் களஞ்சிய அறைக்குப் பின்னால் போட்டோம். அவன் ஒன்றும் பேசவில்லை. பரீட்சையும் எழுதவில்லை. சில மாதங்களில் கட்டாருக்குப் போய்விட்டான்.

போன மாதம் அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. சுகம் விசாரித்துவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி: "சேர், அந்தச் சட்டம் இன்னும் இருக்கா?"

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. அன்று புகையைக் கண்டவுடன் நாங்கள் அவனிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. சொல்லவில்லை. ஆசிரியர்களான எங்களுக்கே அது அன்று ஒழுங்காகத் தெரிந்திருக்கவும் இல்லை.

மின்கார் என்றால் நேற்று வந்த பணக்காரப் பொருள் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது பெற்றோல் காரை விட மூத்தது. திரும்பத் திரும்ப மின்னேற்றிப் பாவிக்கக்கூடிய ஈய-அமில பற்றரியை பிரான்சின் காஸ்தோன் பிளான்டே 1859இல் உருவாக்கினார். 1881 ஏப்ரலில் பாரிஸ் வீதியில் குஸ்தாவ் ட்ரூவே என்பவர் ஒரு மின்வண்டியை ஓட்டிக் காட்டினார். அவர் வண்டியைப் புதிதாகச் செய்யவில்லை. விற்பனையில் இருந்த ஒரு மூன்று சக்கர மிதிவண்டியை எடுத்து, அதில் மோட்டாரையும் பற்றரியையும் பொருத்தினார். கார்ல் பென்ஸ் தன் பெற்றோல் வண்டிக்குக் காப்புரிமை கேட்டது அதற்கு ஐந்து வருடம் கழித்து, 1886இல். ஆக, எங்கள் மைதானத்தில் ஓடியது போன்ற ஒரு மாற்றி அமைத்த மூன்று சக்கர வண்டிதான் மின்வாகன வரலாற்றின் முதல் பக்கத்திலேயே நிற்கிறது.

வேகத்திலும் மின்கார் பின்தங்கியிருக்கவில்லை. 1899இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த கமில் ஜெனாட்சி குண்டு வடிவில் செய்த மின்காரில் மணிக்கு 105 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினார். வீதியில் ஓடும் வாகனம் ஒன்று மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. 1900இல் அமெரிக்காவில் தயாரான 4,192 கார்களில் 1,575 மின்கார்கள். பெற்றோல் கார்கள் 936 மட்டுமே. மிச்சம் நீராவியில் ஓடியவை.

மின்கார் தடுக்கி விழுந்தது நீண்ட தூரத்தில். 1895இல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் 1,178 கிலோமீற்றர் ஓட்டப் போட்டி நடந்தது. எமில் லெவஸோர் தன் பெற்றோல் காரை ஏறக்குறைய 48 மணி 48 நிமிடம் ஓட்டி முதலில் வந்து சேர்ந்தார். அதே போட்டியில் சார்ல்ஸ் ஜான்தோ என்பவர் மின்காருடன் கலந்துகொண்டார். பற்றரி இடையில் தீரும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் வழியெங்கும் மாற்றுப் பற்றரிகளை முன்கூட்டியே கொண்டுபோய் வைத்திருந்தார். ஆனால் அவருடைய கார் முழுத் தூரத்தையும் ஓடி முடிக்கவில்லை.

ஏன் இப்படி? ஒரு கிலோ பெற்றோலில் இருக்கும் சக்தி கிட்டத்தட்ட 12 யுனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரு கிலோ ஈய-அமில பற்றரியில் ஒரு யுனிட்டின் முப்பதில் ஒரு பங்கு அளவுதான் அடங்கும். என்ஜின் தன் சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது, மோட்டார் அவ்வளவு வீணாக்குவதில்லை. அதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்தான். 1912இல் கடிலாக் காரில் மின் ஸ்டார்ட்டர் வந்தது. கையால் சுழற்றி என்ஜினை எழுப்பும் தொல்லை போனது. பெற்றோலும் மலிவாகக் கிடைத்தது. மின்கார் மெல்ல மெல்லப் பாதையை விட்டு மறைந்தது.

ஆனாலும் கையால் செய்பவர்கள் அதை விடவில்லை. எங்கள் மாணவனுக்கு நாங்கள் முதலில் சொல்லியிருக்க வேண்டிய கதை 1968இல் நடந்தது.

அந்த ஆண்டு ஓகஸ்ட் 26இல் அமெரிக்காவின் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு போட்டி வைத்தார்கள். மேற்குக் கரையில் கல்டெக், கிழக்குக் கரையில் எம்.ஐ.டி. ஒவ்வொரு குழுவும் தான் செய்த மின்காரில் மற்றவரின் வளாகத்துக்குப் போக வேண்டும். தூரம் 5,000 கிலோமீற்றருக்கு மேல். வழியில் 54 இடங்களில் மின்னேற்ற ஏற்பாடு. கல்டெக் மாணவர் வொலி ரிப்பல் தன் 1958ஆம் ஆண்டுப் பழைய வொக்ஸ்வாகன் வேனை மின்காராக மாற்றினார். அதில் போட்ட ஈய வகைப் பற்றரிகளின் விலை ஏறத்தாழ 600 டொலர். எம்.ஐ.டி. குழுவிடம் இருந்தது புதிய கோர்வேர் கார். அதில் ஒரு கம்பனி இரவல் கொடுத்த நிக்கல்-கட்மியம் பற்றரிகள். அவற்றின் பெறுமதி ஏறத்தாழ 20,000 டொலர்.

இரண்டு வண்டிகளும் வழியில் பழுதாகின. எம்.ஐ.டி. கார்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. ஆனால் கடைசிப் பகுதியை அது கயிறு கட்டி இழுக்கப்பட்டுத்தான் கடந்தது. இழுத்த தூரத்துக்கு விதிப்படி தண்டனை நேரம் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, பிந்தி வந்த பழைய வேன் அரை மணி நேர வித்தியாசத்தில் வென்றது. ஒன்பது நாள் ஓட்டத்தில் வித்தியாசம் அரை மணி நேரம். 20,000 டொலர் பற்றரியை 600 டொலர் பற்றரி வென்றது. அந்த ரிப்பல் பிறகு நவீன மின்கார்களை உருவாக்கிய பொறியியலாளர்களில் ஒருவரானார்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஆசிரியர்கள் எழுதினால் கணக்கு இல்லாமல் இராது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீண்ட நேர ஓட்டப் போட்டியில் வெல்பவர் வேகமாக ஓட்டுபவர் அல்ல. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று காற்று. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதைத் தள்ளத் தேவையான வலு எட்டு மடங்காகும். மற்றது பற்றரி. ஈய-அமில பற்றரியை அவசரப்படுத்தினால் அது உள்ளதையும் தராது. 1897இல் ஜேர்மன் விஞ்ஞானி பொய்க்கர்ட் இதைக் கணக்காக எழுதினார். 20 மணி நேரத்தில் மெதுவாகத் தீர்க்கும்போது ஒரு பற்றரி தருகின்ற மின்னோட்டத்தின் அளவை, ஒரே மணி நேரத்தில் உறிஞ்சி எடுக்க முயன்றால் 60 வீதம் அளவில்தான் கிடைக்கும். எங்கள் மாணவன் அன்று பிள்ளைகளின் சத்தத்தில் உசாராகி முழு வேகத்தில் ஓட்டினான். மெதுவாக ஓட்டியிருந்தால் பதினொரு சுற்று இருபதைத் தாண்டியிருக்கலாம். வயரும் அவ்வளவு சூடாகியிருக்காது.

நமது மலைக்கும் ஒரு கணக்குப் பார்க்கலாம். ஆளோடு சேர்த்து 300 கிலோ உள்ள வண்டி 100 மீற்றர் உயரம் ஏறத் தேவையான சக்தி ஒரு யுனிட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. உராய்வு, வெப்பம் என்று நட்டக் கணக்கைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். நம் வீட்டு மின்கட்டணப் பட்டியலில் வரும் ஒரே ஒரு யுனிட்டை வைத்துச் சின்ன வண்டியொன்று எவ்வளவோ செய்யும். 2022இல் கரண்டும்தானே இல்லை என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். ஆனால் ஒரு யுனிட் சேமிக்க முழு நாளும் கரண்ட் தேவையில்லை. கூரையில் ஒரு சின்ன சூரியத் தகடு இருந்தாலும் போதும்.

இந்தக் கணக்கைப் பிள்ளைகளின் கையில் கொடுத்த நாடுகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் கிரீன்பவர் என்ற கல்வி அமைப்பு 1999இல் குட்வூட் ஓட்டப் பாதையில் பாடசாலை மாணவர்களுக்கான மின்கார்ப் போட்டியைத் தொடங்கியது. பிள்ளைகள் காரைத் தாங்களே கட்ட வேண்டும். எல்லாருக்கும் ஒரே வகை 24 வோல்ட் மோட்டார், ஒரே வகை 12 வோல்ட் பற்றரி இரண்டு. பணக்காரப் பாடசாலை பெரிய பற்றரி போட முடியாது. குறித்த நேரத்துக்குள் யார் கூடுதல் தூரம் ஓடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. எடையைக் குறைப்பது, காற்றுக்கு வழிவிடும் உடல் செய்வது, சக்தியைச் சிக்கனமாகப் பாவிப்பது, எல்லாமே மூளை வேலை.

பெரியவர்களுக்கும் இப்படி ஒன்று உண்டு. 1923இல் தொடங்கிய பிரான்சின் 24 மணி நேர லு மான் போட்டியைக் கிண்டலடித்து, 2006இல் கலிபோர்னியாவில் '24 மணி நேர லெமன்ஸ்' போட்டியை ஆரம்பித்தார்கள். 500 டொலருக்கு மேல் பெறுமதியான காரைக் கொண்டுவரக் கூடாது, பாதுகாப்புச் சாமான்களுக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை. அங்கே ஒரு மின்கார் எல்லாப் பெற்றோல் கார்களையும் முந்தி முதலிடம் பெற்றால் 50,000 டொலர் பரிசு, அதுவும் ஐந்து சத நாணயங்களாக! பத்து லட்சம் நாணயம். மற்றவன் ஐந்து நிமிடத்தில் பெற்றோல் அடித்துவிட்டு ஓடுவான், மின்காரோ நின்று மின்னேற்ற வேண்டும் அல்லது பற்றரியை மாற்ற வேண்டும். 1895இல் ஜான்தோ வழியெங்கும் பற்றரி வைத்தாரே, அதே தலையிடிதான் இன்றைக்கும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை என்று ஒதுக்க வேண்டாம். பெங்களூரின் சேத்தன் மைனி அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது சூரியக் கார் குழுவில் இருந்தார். 1990இல் அந்தக் குழு அமெரிக்கப் போட்டியில் முதலாவதாகவும், அவுஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து அடிலெய்ட் வரையான 3,000 கிலோமீற்றர் உலகப் போட்டியில் மூன்றாவதாகவும் வந்தது. அவர் நாடு திரும்பி, 2001இல் பெங்களூரில் 'ரேவா' என்ற சின்ன மின்காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆரம்பத்தில் அதுவும் ஈய-அமில பற்றரியில்தான் ஓடியது. பிறகு லண்டன் வீதிகளிலும் ஓடியது. மாணவர் போட்டியில் கற்ற பாடம் ஒரு தொழிற்சாலையாக மாறியது.

2022இல், நாங்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அதே நாட்களில், ஸ்ரீநகரைச் சேர்ந்த ஒரு கணித ஆசிரியரின் செய்தி வந்தது. பதினொரு வருடம் சொந்தப் பணத்தைச் செலவழித்து, பழைய கார் ஒன்றைச் சூரியத் தகடுகளால் ஓடும் மின்காராக மாற்றியிருந்தார். எங்களைப் போல ஓர் ஆசிரியர். அதை வாசித்தபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அதே வருடம் எங்கள் மைதானத்தில் நின்ற வண்டி மட்டும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

நம் நாட்டிலும் இதற்கு வேர் உண்டு. நுவரெலியாவில் மஹகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் போட்டி 1934இல் தொடங்கியது. நம் மலைப் பாதைகளுக்கும் மோட்டார்ப் போட்டிக்கும் உறவு அவ்வளவு பழையது. கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனம் 'வேகா' என்ற மின் சூப்பர் காரை வடிவமைத்து, 2020இல் ஜெனீவா கண்காட்சிக்குக் கொண்டுபோக இருந்தது. கொவிட்டால் கண்காட்சியே ரத்தாகிவிட்டது. அது கோடிக்கணக்கில் செலவாகும் கார், நம் பிள்ளைகளுக்கு எட்டாது. ஆனால் செய்தவர்கள் இந்த நாட்டுப் பிள்ளைகள்.

இன்னும் கிட்ட வருவோம். நமக்குப் பக்கத்து மலையில் லூல்கந்துர தோட்டம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இலங்கையில் வர்த்தகத்துக்காகப் போட்ட முதல் தேயிலை அது. தொழிற்சாலை இருக்கவில்லை. தன் பங்களா விறாந்தையில் வைத்து இலையைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி போட்டு, கம்பித் தட்டில் காய வைத்தார்கள். 1872இல் அவர் இலை உருட்டும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். இந்த நாட்டின் மிகப் பெரிய கைத்தொழில்களில் ஒன்று ஒரு வீட்டு விறாந்தையில் கையில் கிடைத்ததை வைத்துத் தொடங்கியது, அதுவும் நம் ஊருக்குப் பக்கத்தில். அந்த இலையைப் பறித்தவர்களும் உருட்டியவர்களும் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று எங்கள் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில்தான் கண்டிக்குப் போகிறார்கள்.

நாங்கள் பயந்த விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயம் பிழையல்ல. பற்றரி விளையாட்டுச் சாமான் இல்லை. ஈய-அமில பற்றரியில் கந்தக அமிலம் இருக்கிறது. மின்னேற்றும்போது ஐதரசன் வாயு வரும், மூடிய அறையில் வைத்தால் ஒரு தீப்பொறி போதும். லிதியம் பற்றரி அதைவிட ஆபத்து, தெரியாதவர்கள் பிரித்துக் கட்டவே கூடாது. அன்று அவனுடைய வண்டியில் இல்லாமல் போனது சரியான தடிப்புள்ள வயரும் ஒரு பியூஸும்தான். பியூஸ் இருந்திருந்தால் வயர் சூடாகும் முன்னே அறுந்திருக்கும், வண்டி நின்றிருக்கும், புகை வந்திருக்காது. அதன் விலை ஒரு பிளேன்டீயும் பணிஸும் வாங்கும் காசு. அதைச் சொல்லிக் கொடுப்பது எங்கள் வேலை. நாங்கள் சொல்லிக் கொடுக்காமல் வண்டியை எடுத்துப் போட்டோம்.

அவனுக்குப் பதில் அனுப்பினோம். சட்டம் இருக்கிறது, துருப் பிடித்திருக்கிறது, சக்கரம் ஒன்று இல்லை என்று சொன்னோம். "பரவாயில்லை சேர், தம்பிமார் யாருக்காவது குடுங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

எங்களுக்கு ஒரு யோசனை. இன்ஷா அல்லாஹ், அடுத்த தவணையில் அந்தச் சட்டத்தை வெளியே எடுப்போம். பிறகு நம் பகுதியின் சிங்கள, தமிழ், முஸ்லிம் பாடசாலைகள் மூன்று சேர்ந்து ஒரு சின்னப் போட்டி. எல்லாருக்கும் ஒரே மோட்டார், ஒரே பற்றரி, ஒரு மணி நேரம். யார் கூடுதலான சுற்று ஓடுகிறார்களோ அவர்கள் வென்றவர்கள். தலைக்கவசம், பியூஸ், உடனே மின்னை வெட்டும் சுவிட்ச், பக்கத்தில் தீயணைப்பான், இவை இல்லாத வண்டி மைதானத்தில் இறங்காது.

காசு கேட்டு எழுதவில்லை. வெல்டிங் தெரிந்த ஒரு நானா சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வந்தால் போதும். த்ரீவீல் கராஜ் வைத்திருப்பவர்கள் பழைய சக்கரம், பிரேக் சாமான் கொடுத்தால் நல்லது. வீடுகளில் வயரிங் செய்யும் ஒருவர் பிள்ளைகளுக்கு வயரின் தடிப்பையும் பியூஸின் அளவையும் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பேராதனைப் பொறியியல் பீடத்தில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது எட்டிப் பார்த்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

உம்மா வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பழைய சாமானைக் கழற்றிக்கொண்டு இருந்தால், படிப்பைக் கெடுக்கிறான் என்று உடனே பறித்து வைக்காதீர்கள். என்ன செய்கிறாய் என்று ஒரு தடவை கேளுங்கள். ஆபத்தாக இருந்தால் எங்களிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள். இந்த முறை நாங்கள் களஞ்சிய அறைக்குப் பின்னால் போட மாட்டோம்.

போட்டி நடக்கும் நாளில் கட்டாருக்கு வீடியோ கோல் எடுப்போம். பதினொன்றைத் தாண்டும் சுற்றை அவனும் பார்க்கட்டும்.